ஐந்நூறு பவுண்ட் கலகம்

1976 டிசம்பர் 28. கிறிஸ்துமஸ் களைப்பு இன்னும் தீராத மான்செஸ்டர் நகரில், இண்டிகோ என்ற ஸ்டூடியோவில் நான்கு இளைஞர்கள் நான்கு பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். குழுவின் பெயர் பஸ்காக்ஸ். டிரம்ஸ் வாசித்த ஜான் மாஹருக்கு வயது 16. சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. செலவுக்கான சுமார் 500 பவுண்ட், நண்பர்களிடமும் கிதார் கலைஞர் பீட் ஷெல்லியின் அப்பாவிடமும் கைமாற்றாக வாங்கியது. எந்த இசைத்தட்டு நிறுவனத்தின் வாசலிலும் அவர்கள் போய் நிற்கவில்லை. ‘நியூ ஹார்மோன்ஸ்’ என்று தாங்களே ஒரு நிறுவனப் பெயரை வைத்துக்கொண்டு, முதல் தவணையாக ஆயிரம் பிரதிகள் அச்சிட்டு, அடுத்த மாதக் கடைசியில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். ‘ஸ்பைரல் ஸ்க்ராட்ச்’ என்ற அந்தத் தட்டின் உறையில் ராக் தட்டுகளில் வழக்கமாக அச்சிடாத ஒரு விவரம் இருந்தது. ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முறை வாசித்தபோது பதிவானது, பிறகு அதன் மேல் கிதார் ஒலி ஏதும் சேர்த்தார்களா என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருந்தது. சமைத்ததைப் பரிமாறியதோடு நிற்காமல் அடுக்களைக் கதவையும் திறந்துவைத்துவிட்டார்கள்.

பங்க் இசையின் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாகத் தொடங்குவது இதற்கு நான்கு வாரம் முந்தைய ஒரு மாலையிலிருந்து. டிசம்பர் 1 அன்று, ‘குயின்’ குழு வர முடியாமல் போனதால், லண்டன் வட்டாரத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்கு செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவை அழைத்தார்கள். நெறியாளர் பில் கிரண்டி சீண்ட, பையன்கள் நேரலையில் கெட்ட வார்த்தைகளைக் கொட்டினார்கள். மறுநாள் காலைப் பத்திரிகைகள் அதை நாடு முழுவதற்குமான அவமானமாக்கின. அந்தக் குழுவின் சுற்றுப்பயணக் கச்சேரிகளில் பெரும்பாலானவை ரத்தாயின. இஎம்ஐ நிறுவனம் 40,000 பவுண்ட் முன்பணம் கொடுத்துச் செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஜனவரியில் முறித்துக்கொண்டது. குத்திட்டு நிற்கும் தலைமுடி, ஊக்கு குத்திய சட்டை, தரையில் காறித் துப்பும் இளைஞன் என்று உலகம் இன்றைக்கும் பங்க் எனத் தெரிந்துவைத்திருக்கும் படத்தின் பெரும்பகுதி அந்த வாரங்களில் உருவானது. அந்தக் கோபம் பொய்யானது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கோபம் அதற்கு முன்பும் பல இசைகளில் இருந்தது, பிறகும் இருந்தது. பங்க் புதிதாகக் கொண்டுவந்தது வேறொன்று: ஒரு பாட்டைச் செய்து ஊருக்குக் கொடுக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை என்ற துணிவும், எப்படிச் செய்தோம், என்ன செலவானது என்று அடுத்தவருக்குச் சொல்லிவிடும் வெளிப்படைத்தன்மையும். 40,000 பவுண்ட் கதையைவிட 500 பவுண்ட் கதையில்தான் பங்க்கின் மனநிலை முழுசாகத் தெரிகிறது.

அந்தத் துணிவு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு அன்றைய ராக் இசை இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும். ‘யெஸ்’ என்ற பிரிட்டிஷ் குழு 1973இல் ஓர் இரட்டைத் தட்டை வெளியிட்டது. சுமார் 80 நிமிடம் ஓடும் அதில் மொத்தம் நான்கே பாட்டுகள், பக்கத்துக்கு ஒன்று. மாதக்கணக்கில் ஸ்டூடியோ வாடகை, லாரி லாரியாகக் கருவிகள், விளையாட்டு மைதானம் அளவுக்கு அரங்கம் என்று ராக் ஒரு பெருமுதலீட்டுத் தொழிலாகிவிட்டிருந்தது. அதில் அருமையான இசையும் பிறந்தது உண்மை. ஆனால் பதினேழு வயதுப் பிள்ளை ஒருவன் அதைக் கேட்டுவிட்டு, நாமும் நாளைக்கு ஆரம்பிக்கலாம் என்று எண்ண வழியே இல்லை. 1976 ஏப்ரலில் நியூயார்க்கின் ரமோன்ஸ் குழு வெளியிட்ட முதல் தட்டில் 14 பாட்டுகள், மொத்தம் 29 நிமிடம். ஏறக்குறைய ஒரு வாரத்தில், சுமார் 6,400 டாலரில் முடித்துவிட்டார்கள். அவர்கள் வளர்ந்த இடம் பௌவரி தெருவில் ஹில்லி கிறிஸ்டல் நடத்திய சிபிஜிபி என்ற மதுக்கடை. நியூயார்க் மாநகராட்சியே 1975இல் திவாலாகும் விளிம்பில் நின்றது; அந்தத் தெரு குடிநோயாளிகளும் வீடற்றவர்களும் தங்கும் இடமாக இருந்தது. கிறிஸ்டல் அங்கே வைத்த முக்கிய நிபந்தனை, குழுக்கள் சொந்தப் பாட்டுகளை வாசிக்க வேண்டும் என்பது. அடுத்தவர் பாட்டை அச்சு அசலாக வாசித்துக் காட்டுவது இளம் குழுக்களின் பிழைப்பாக இருந்த காலத்தில் இந்த நிபந்தனை பெரிய விஷயம். நியூயார்க்கிலிருந்து வெகுதூரத்தில், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், ‘தி செயின்ட்ஸ்’ குழுவினர் தங்கள் முதல் பாட்டைச் சொந்தச் செலவில் 500 பிரதிகள் அச்சிட்டு 1976 செப்டம்பரில் வெளியிட்டார்கள். லண்டனின் எந்த பங்க் குழுவும் அதுவரை தட்டு வெளியிட்டிருக்கவில்லை. ஆகவே தாங்களே தட்டுப் போட்ட முதல் ஆட்கள் பஸ்காக்ஸ் அல்ல. ஜாஸ் கலைஞர் சன் ரா 1950களிலேயே சொந்த நிறுவனம் வைத்திருந்தவர். மான்செஸ்டரில் நடந்ததன் சிறப்பு, செய்முறையே படைப்பின் ஒரு பகுதியாக ஆனதில் இருக்கிறது.

இதற்கு உடனே வரும் மறுப்பு, இதெல்லாம் வாசிக்கத் தெரியாதவர்களின் சமாளிப்பு என்பது. அந்தத் தட்டிலேயே ‘போர்டம்’ என்ற பாட்டில் வரும் கிதார் தனி வாசிப்பைச் சான்றாகக் காட்டலாம். இரண்டே சுரங்கள், திரும்பத் திரும்ப, பிடிவாதமாக. அன்றைய ராக் ரசிகர்கள் கிதார் கலைஞரை மதிப்பிட்ட தராசே அந்தத் தனி வாசிப்புதான். விரல் எவ்வளவு வேகமாக ஓடுகிறது, எத்தனை நிமிடம் தாக்குப்பிடிக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். ஷெல்லி அந்த இடத்தில் இரண்டு சுரங்களை நிறுத்தியது தெரியாமையால் அல்ல. பாட்டின் பொருள் சலிப்பு. அந்தச் சலிப்பை அந்த இரண்டு சுரங்களைவிடக் கச்சிதமாகச் சொல்லிவிட முடியாது. அதே ஷெல்லி அடுத்த சில ஆண்டுகளில் எழுதிய காதல் பாட்டுகளின் மெட்டு நேர்த்தியைக் கேட்டால் இந்த மறுப்பு தானே உதிர்ந்துவிடும். சிபிஜிபியில் வாசித்த ‘டெலிவிஷன்’ குழுவின் கிதார்கள் நுணுக்கமாகப் பின்னி நீண்டுபோகக்கூடியவை. வாஷிங்டனின் ‘பேட் ப்ரெயின்ஸ்’ என்ற கறுப்பினக் குழு ஜாஸ் கலவை இசையிலிருந்து வந்தது. அவர்கள் வாசித்த வேகத்துக்கு அசாத்தியப் பயிற்சி வேண்டும். பங்க் திறமையை விலக்கவில்லை, நுழைவுக் கட்டணமாக அதைக் கேட்பதைத்தான் நிறுத்தியது. இதனால் அதிகம் பயனடைந்தவர்கள் பெண்கள். அதுவரை ராக் மேடையில் பெண் என்றால் பெரும்பாலும் பாடகி மட்டும்தான். கிதாரும் டிரம்ஸும் ஆண்பிள்ளைகள் சிறுவயதிலிருந்தே ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்ளும் வித்தையாக இருந்தன. ‘தி ஸ்லிட்ஸ்’ பெண்கள் மேடையில் வாசித்துக்கொண்டே வாசிக்கக் கற்றார்கள். 1979இல் அவர்கள் ‘கட்’ என்ற தட்டைக் கொண்டுவந்தபோது, ரெகேயும் பங்க்கும் கலந்த அந்தத் தாளக்கட்டு வேறு யாரிடமும் இல்லாததாக இருந்தது. முறையாகப் பயின்று வந்திருந்தால் அப்படி ஒன்று தோன்றியிருக்குமா என்பது சந்தேகமே.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. பங்க் என்பதே ஒரு துணிக்கடைக்காரரின் விளம்பரத் தந்திரம் என்கிறது அது. லண்டன் கிங்ஸ் ரோட்டில் விவியன் வெஸ்ட்வுட்டோடு சேர்ந்து கடை நடத்திய மால்கம் மெக்லாரன், அந்தக் கடைக்கு வந்துபோன பையன்களை வைத்து செக்ஸ் பிஸ்டல்ஸை உருவாக்கினார். கலவரங்கள் எல்லாம் தன் திட்டம் என்று பின்னாளில் திரைப்படமே எடுக்க வைத்தார். அந்தக் குழு இல்லாவிட்டால் பஸ்காக்ஸ் இல்லை என்பதும் உண்மை. போல்டன் கல்லூரி மாணவர்களான ஹோவர்ட் டிவோட்டோவும் ஷெல்லியும் 1976 பிப்ரவரியில் ஒரு விமர்சனத்தைப் படித்துவிட்டு, கார் இரவல் வாங்கிக்கொண்டு தெற்கே ஓடியது பிஸ்டல்ஸைப் பார்க்கத்தான். ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். மான்செஸ்டரில் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலைத் தாங்களே வாடகைக்குப் பிடித்து, ஜூன் 4 அன்று பிஸ்டல்ஸை வரவழைத்தார்கள். வந்த கூட்டம் மிகச் சிறியது. அதில் பின்னாளில் ‘ஜாய் டிவிஷன்’ தொடங்கிய பீட்டர் ஹூக்கும் பெர்னார்ட் சம்னரும் இருந்தார்கள். ‘தி ஸ்மித்ஸ்’ பாடகர் மோரிசியும் இருந்தார். லண்டன் கடைக்காரர் இவர்களில் யாரையும் உருவாக்கவில்லை. அவர் உருவாக்கியதாகச் சொன்னவரே அவர் பிடியில் நிற்கவில்லை: அயர்லாந்துக் குடியேறிகளின் மகனான ஜான் லைடன், தன்னை ஒரு பொம்மையாகச் சித்தரித்ததை ஏற்கவில்லை, வழக்கும் போட்டார், 1986இல் குழுவின் உரிமைகள் இசைக்கலைஞர்கள் கைக்கே வந்து சேர்ந்தன. பிஸ்டல்ஸ் 1978 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ மேடையோடு உடைந்துபோனது. பங்க் ஒரு விளம்பரம் மட்டுமாக இருந்திருந்தால் சரக்கு தீர்ந்த அந்த நாளோடு கடையும் மூடியிருக்கும்.

நடந்ததோ நேர்மாறு. 1977இல் ‘டெஸ்பரேட் பைசைக்கிள்ஸ்’ என்ற லண்டன் குழு வெறும் 153 பவுண்டில் ஒரு தட்டைக் கொண்டுவந்து, இது சுலபம், செலவும் குறைவு, நீங்களும் செய்யுங்கள் என்ற செய்தியைப் பாட்டிலேயே வைத்தது. அதைக் கேட்டு எழுந்தவர்களில் ‘ஸ்க்ரிட்டி பொலிட்டி’யும் ஒன்று. 1978இல் வந்த அவர்களின் முதல் தட்டு உறை ஒரு வரவு செலவு ஏடு போலவே இருந்தது. ஸ்டூடியோவுக்கு இவ்வளவு, தட்டு அச்சிட இவ்வளவு, நடுவில் ஒட்டும் தாளுக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு செலவும் அதில் அச்சாகியிருந்தது. இசைத்தட்டு நிறுவனங்கள் அதுவரை பொத்திவைத்திருந்த தொழில் ரகசியம் அது. ஒரு தட்டு தயாரிக்க உண்மையில் என்ன செலவாகிறது என்று தெரிந்துவிட்டால், கலைஞருக்குக் கொடுக்கும் சொற்பப் பங்கைப் பற்றிய கேள்வியும் கூடவே வந்துவிடும். மறுபக்கம் ஜெராக்ஸும் ஸ்டேப்ளரும் வைத்து நடத்திய ரசிகர் சிற்றிதழ்கள். வங்கி ஊழியராக இருந்த மார்க் பெர்ரி 1976 ஜூலையில் தொடங்கிய ‘ஸ்னிஃபின் க்ளூ’ தட்டச்சும் கையெழுத்துமாக, அடித்தல் திருத்தல்களோடு வெளிவந்தது. ‘சைட்பர்ன்ஸ்’ என்ற இன்னொரு இதழ், கிதாரில் மூன்று கார்ட்களுக்கு, அதாவது சுரக்கூட்டுகளுக்கு, விரல் வைக்கும் இடங்களைப் படமாக வரைந்து, இனி ஒரு குழுவைத் தொடங்கு என்று வாசகரிடம் சொன்னது. அச்சிட்ட தட்டை விற்க ஆள் வேண்டுமே? ஜெஃப் டிராவிஸ் 1976இல் மேற்கு லண்டனில் தொடங்கிய ‘ரஃப் டிரேட்’ கடை அதைச் செய்தது. பிறகு தானே தட்டு வெளியிட்டு, லாபத்தைக் கலைஞரோடு சரிபாதியாகப் பிரித்துக்கொண்டது. ‘ஸ்பைரல் ஸ்க்ராட்ச்’ இப்படிக் கடை கடையாகப் போய் 16,000 பிரதிகள் விற்றது. 1979இல் ரஃப் டிரேட் வெளியிட்ட ‘ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ்’ என்ற பெல்ஃபாஸ்ட் குழுவின் தட்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 14ஆம் இடத்துக்கு ஏறியது.

இந்த இடத்தில் பங்க்கின் அபிமானிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லாம் எங்கள் சொந்தக் கையால் என்ற பெருமை முழு உண்மை அல்ல. அன்றைய பிரிட்டனில் கல்லூரி மாணவர்களுக்கு உள்ளாட்சி மன்றங்கள் உதவித்தொகை கொடுத்தன. அந்தப் பணத்தில் படித்த ஓவியக் கல்லூரி மாணவர்கள் பல குழுக்களில் இருந்தார்கள். வேலை இல்லாதவருக்கு அரசு வாராவாரம் படி கொடுத்தது. லண்டனில் ஆளில்லாமல் கிடந்த வீடுகளில் இளைஞர்கள் புகுந்து தங்கினார்கள். ‘தி க்ளாஷ்’ பாடகர் ஜோ ஸ்ட்ரம்மரின் முந்தைய குழுவான ‘101யர்ஸ்’ பெயரே அப்படிக் குடியிருந்த வீட்டின் கதவு எண்ணிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். இந்தச் சிறு தட்டுகளை இரவில் ஒலிபரப்பியவர் ஜான் பீல். அவர் வேலை பார்த்தது மக்கள் பணத்தில் இயங்கும் பிபிசியில். வாடகைக்காக வாரம் ஆறு நாளும் ஓடவேண்டிய இளைஞனுக்கு மூன்று கார்ட் கற்றுக்கொள்ளக்கூட நேரம் இருக்காது. எனவே பங்க்கைத் தனிமனித முயற்சியின் வெற்றிக் கதையாக, சொந்தக் காலில் நில் என்று ஏழைக்குச் சொல்லும் உபதேசமாக மாற்றுவது வரலாற்றுப் புரட்டு. அனுமதி கேட்காமல் செய்யும் துணிவுக்குக் கொஞ்சம் ஓய்வு நேரமும் மலிவான கூரையும் தேவைப்பட்டன. அவற்றைப் பெரும்பாலும் கொடுத்தது ஒரு பொது அமைப்பு. அதே அரசைத்தான் அவர்கள் பாட்டில் திட்டினார்கள், திட்டும் உரிமையும் அவர்களுக்கு இருந்தது.

எல்லோருக்கும் திறந்த வாசல் என்றால் நாஜிகளுக்கும் திறந்ததுதானே என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. தொடக்க கால பங்க் இளைஞர்கள் சிலர், பெரியவர்களை அதிரவைக்க நாஜிச் சின்னத்தை அணிந்து திரிந்தார்கள். அதற்கு எந்த நியாயமும் இல்லை. நேஷனல் ஃப்ரண்ட் என்ற இனவெறிக் கட்சி தெருத் தெருவாக ஆள் பிடித்த காலம் அது. ‘ஸ்க்ரூடிரைவர்’ என்ற குழு பங்க்காகத் தொடங்கி 1980களில் பகிரங்க நாஜிக் குழுவானது. 1981 ஜூலையில் தெற்காசியர்கள் வாழும் சவுத்ஹால் பகுதியில், மொட்டைத்தலை ‘ஸ்கின்ஹெட்’ ரசிகர்கள் வந்திறங்கிய ஒரு ‘ஓய்’ வகை பங்க் கச்சேரி மோதலில் முடிந்து, அது நடந்த மதுக்கடை எரிந்துபோனது. ஆனால் பதிலும் அதே இடத்திலிருந்து வந்தது. 1976 ஆகஸ்டில் பர்மிங்காம் மேடையில் எரிக் க்ளாப்டன் குடியேறிகளுக்கு எதிராகப் பேசியதை அடுத்து ‘ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்’ இயக்கம் பிறந்தது. ஊருக்கு ஊர் உள்ளூர்க்காரர்களே கூடம் பிடித்து, பங்க் குழுவையும் ரெகே குழுவையும் ஒரே மேடையில் ஏற்றினார்கள். 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் விக்டோரியா பூங்காவில் க்ளாஷும் ‘ஸ்டீல் பல்ஸ்’ ரெகே குழுவும், சோமாலியத் தந்தைக்குப் பிறந்த பாலி ஸ்டைரீன் தலைமையிலான ‘எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ்’ குழுவும் வாசிக்கத் திரண்டவர்கள் சுமார் 80,000 பேர் என்பது மதிப்பீடு. வாசலைத் திறந்து வைப்பதோடு வேலை முடிவதில்லை, வாசலில் யாராவது நின்றாகவும் வேண்டும் என்பதை அந்தத் தலைமுறை தெரிந்துகொண்டது. அந்த வாசல் வழியாக வந்தவர்களில் தமிழ்ப் பெண் ஒருவரும் உண்டு. ஈழப்போர்ச் சூழலிலிருந்து 1986இல் அகதியாக லண்டன் திரும்பிய மாயா அருள்பிரகாசம், பிஸ்டல்ஸ் தன் முதல் கச்சேரியை நடத்திய அதே செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் படித்தவர். ரோலண்ட் எம்சி-505 என்ற ஒரு கருவியை இரவல் வாங்கித் தானே தட்டிப் பழகி எம்.ஐ.ஏ. ஆனார். குடியேறிகளைப் பற்றி க்ளாஷ் 1982இல் வெளியிட்ட ஒரு பாட்டின் கிதார் இசை, அவருடைய ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டுக்கு அடித்தளமாக இருக்கிறது.

அனுமதி என்பது வெறும் உருவகமாக இல்லாமல், முத்திரை குத்திய தாளாகவே இருந்த நாடுகளும் உண்டு. கிழக்கு ஜெர்மனியில் ஒரு குழு பொதுமேடையில் வாசிக்க வேண்டுமென்றால் அரசுக் குழுவின் முன் வாசித்துக் காட்டித் தகுதிச் சான்று பெற வேண்டும். பங்க் குழுக்கள் அந்த வரிசையில் போய் நிற்கவில்லை. சில பாதிரியார்கள் திறந்துவிட்ட தேவாலயக் கூடங்களில் வாசித்தன. ‘நாமென்லோஸ்’ குழுவினரை 1983இல் கைது செய்து சிறையில் அடைத்தார்கள். இந்தோனேசியாவின் ஆச்சேயில் 2011 டிசம்பரில், ஆதரவற்ற குழந்தைகளுக்கு நிதி திரட்டும் பங்க் கச்சேரி ஒன்றில் அறுபதுக்கும் மேற்பட்ட இளைஞர்களைப் போலீஸ் பிடித்துச் சென்றது. அவர்கள் மீது வழக்கு எதுவும் இல்லை. தலையை மழித்து, ஏரியில் இறக்கிக் குளிப்பாட்டி, பத்து நாள் ஒழுக்கப் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். முடியை எடுத்துவிட்டால் பங்க் போய்விடும் என்று அதிகாரிகள் நம்பினார்கள். ஆனால் அங்கே நிதி திரட்டவும் கூடம் பிடிக்கவும் தங்களுக்குள் கூடி முடிவெடுக்கவும் அந்தப் பிள்ளைகள் கற்றிருந்தார்கள். எந்தக் கத்தரியாலும் அதை வெட்ட முடியாது.

கடைசியாக, எல்லாம்தான் விற்றுப்போய்விட்டதே என்பார்கள். ஊக்கு குத்திய சட்டை விலையுயர்ந்த ஆடையானது. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2013இல் பங்க் உடைகளுக்குத் தனிக் கண்காட்சியே வைத்தது. தோற்றம் விற்றுப்போனது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். விற்கக்கூடியது அது ஒன்றுதான். நடைமுறை எங்கே போனது என்று தேடினால் வாஷிங்டனுக்குப் போக வேண்டும். ‘டீன் ஐடில்ஸ்’ என்ற பள்ளிப் பிள்ளைகளின் குழு, கச்சேரிகளில் கிடைத்த காசைப் பங்கு போடாமல் சேர்த்துவைத்தது. குழு 1980இல் கலைந்தபோது அந்தச் சில நூறு டாலர்களில் ஒரு தட்டு வெளியிட்டார்கள். உறைகளைக் கத்தரித்து, மடித்து, பசை தடவி ஒட்டியதும் அவர்களே. அதற்காக இயன் மெக்கேயும் நண்பர்களும் தொடங்கிய ‘டிஸ்கார்ட்’ நிறுவனம் இன்றும் இயங்குகிறது. மெக்கே பின்னர் தொடங்கிய ‘ஃபுகாஸி’ குழுவின் கச்சேரிக்கு நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் 5 டாலராகத்தான் இருந்தது, எந்த வயதினரும் வர முடிந்தது. அரங்க உரிமையாளர்களிடம் அவர்கள் இதை ஊர் ஊராகப் பேசி வாங்க வேண்டியிருந்தது. மதுவிற்பனையில் பிழைக்கும் இடங்களுக்குப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் வந்தால் என்ன லாபம்? ஒத்துவராத ஊரில் தேவாலயக் கூடமோ சமுதாய நலக்கூடமோ பார்த்துக்கொண்டார்கள். இன்று யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் பாட்டுப் பதிந்து உலகத்துக்கே அனுப்பலாம், அப்புறம் பங்க் எதற்கு என்று கேட்பவர்கள் இந்த இடத்தில் யோசிக்க வேண்டும். பதிவு செய்வது இலவசமாகிவிட்டது. ஆனால் யார் பாட்டை யாருக்கு முன்னே தள்ளுவது, ஒருமுறை கேட்டால் கலைஞருக்கு எவ்வளவு என்ற கணக்கு மறுபடியும் சில நிறுவனங்களின் பூட்டிய அறைக்குள் போய்விட்டது. ஃபுகாஸி தன் கச்சேரிகளில் சுமார் 800ஐப் பதிவு செய்து வைத்திருந்தது. டிஸ்கார்ட் 2011இலிருந்து அவற்றைத் தன் சொந்தத் தளத்தில் வெளியிடத் தொடங்கியபோது வைத்த பரிந்துரை விலை, ஒரு கச்சேரிக்கு அதே 5 டாலர். கூடவோ குறையவோ கொடுப்பது கேட்பவரின் விருப்பம்.